எருக்குழியில் போட்ட செடி

கோபம் வந்தால் என் வாய் நிற்காது. அந்த மாசி மாதம் முழுக்க அது நிற்கவே இல்லை. புதுச்சேரி டவுனில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சிரித்துச் சிரித்து டோக்கன் கொடுக்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சேதராப்பட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் கொல்லைக்குப் போய்விடுவேன். மாமனார் விட்டுப்போன ஒரு காணி நிலம், என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. கணவருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. தண்ணீர் பாய்ச்சுவது அவர், மற்றதெல்லாம் நான்.

போன வருஷம் மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், ஒரு மூலை தண்டழுகல் நோயில் போய்விட்டது. அதைப் பிடித்துக்கொண்டார் கணவரின் அண்ணன். "மண்ணு செத்துப்போச்சும்மா. இந்த வருஷமும் அழுகுச்சுன்னா மனை போட்டு வித்துடலாம். அப்பறம் பேச்சே கெடையாது."

"பாத்துடலாம் மாமா" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அந்த நோயைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். தரையை ஒட்டி, அடித்தண்டில் வெள்ளையாக நூல் மாதிரி பூஞ்சாணம் படரும். அதில் கடுகு கடுகாய் உருண்டைகள் திரளும். செடி வாடும். பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும், காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அந்தக் கடுகு உருண்டை மண்ணில் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்குமாம்.

இந்த வருஷம் நான் எதில் குறை வைத்தேன்? கோடையில் ஆழ உழவு ஓட்டினேன். டிரைக்கோடெர்மா என்று ஒரு பொடி, அதுவும் பூஞ்சாணம்தான், ஆனால் அழுகல் பூஞ்சாணத்தைத் தின்கிற நல்ல பூஞ்சாணம். அதில் விதையைப் புரட்டி எடுத்தேன். எங்கள் குழியில் இருந்த எருவிலும் அதைக் கலந்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, இரண்டு வாரம் நிழலில் வைத்து, என் கையாலேயே கொல்லை முழுக்க இறைத்தேன். மேற்குக் கடைசியில் இரண்டு பாத்திக்கு மட்டும் எரு பத்தவில்லை.

விதைத்து நாற்பது நாள் கழித்து, நன்றாகப் பூத்திருந்த செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை சாய்ந்தன. அடுத்த ஞாயிறு போனால் திட்டுத் திட்டாய்க் காய்ந்து கிடக்கிறது. உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் சண்டைக்குக் கிளம்பினேன்.

முதலில் மருந்துக்கடை. "காலாவதியான பொடிய என் தலையில கட்டிட்டீங்களே, நல்லாருப்பீங்களா?" கடைக்காரர் நிதானமாகப் பொட்டலத்தைத் திருப்பித் தேதியைக் காட்டினார். இன்னும் ஆறு மாதம் இருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, வந்துவிட்டேன்.

அப்புறம் கணவர். "தண்ணிய அளவா வுடுங்கன்னு எத்தன தபா சொன்னேன்? ஷிப்டுக்கு ஓடுற அவசரத்துல மோட்டார போட்டுட்டுப் போயிடறீங்க!"

"சரி, என் தப்புதான், வுடு" என்றார் அவர். அந்த மனுஷன் திருப்பிக் கத்தியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

கடைசியில் வேளாண் ஆபீசுக்குப் பத்து முறை போன் போட்டு நச்சரித்து, அங்கிருந்து ஒரு பெண் அதிகாரியை வரவழைத்தேன். அவரையும் ஒரு பிடி பிடிப்பதாகத்தான் இருந்தேன். அவர் செடியைப் பார்க்காமல் வரப்பிலேயே நடந்துபோய் மேற்குக் கடைசியில் நின்றார். அந்த இரண்டு பாத்தியும் பச்சைப்பசேல் என்று நின்றன.

"இங்க மட்டும் எப்படிங்க நல்லாருக்கு?"

"இங்க எரு போடலைங்க."

"எரு எங்க எடுத்தீங்க?"

குழியைக் காட்டினேன். ஒரு குச்சியால் கிளறினார். பாதி மக்கியும் மக்காமலும் மல்லாட்டைத் தண்டுகள், தண்டெல்லாம் பழுப்புக் கடுகு.

"போன வருஷம் அழுகுன செடிய என்ன பண்ணீங்க?"

போன வருஷம் கணவர் தீப்பெட்டியும் கையுமாக நின்றார். நான்தான் பாய்ந்தேன். டவுனில் எங்கள் தெருவுக்கே மக்குகிற குப்பை எது, மக்காத குப்பை எது என்று பாடம் எடுக்கிறவள் ஆயிற்றே. "மக்குற பொருளப் போயி யாராச்சும் கொளுத்துவாங்களா? அறிவு வேணாம்?" என்று அவரைத் திட்டிவிட்டு, கூடை கூடையாக நானே சுமந்துபோய் அந்தக் குழியில் கொட்டினேன்.

"குழி சூடே ஏறலைங்க, சூடு ஏறுனாத்தான் நோய் சாகும். நோயையும் சேத்து எறைச்சிருக்கீங்க" என்றார் அதிகாரி. "அழுகுன செடிய வேரோட எடுத்து எரிச்சிடுங்க. ரெண்டு வருஷத்துக்கு மல்லாட்டை வாணாம். கம்பு, சோளம்னு மாத்திப் போடுங்க."

அதற்கப்புறம் ஒரு வாரம் யாரிடமும் வாயே திறக்கவில்லை. எனக்கு ஜுரமோ என்று கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் கொல்லைக்கு வந்துவிட்டார். பதினோரு மணிக்கு மனைக்காரர் அளக்க வருகிறார் என்றார். "நான் சொல்லல? செத்த மண்ணு."

"இல்லண்ணா, நான்தான் தண்ணி அதிகமா வுட்டுட்டேன்" என்று என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, எல்லாம் என்மேல்தான். "அவரு ஒன்னும் பண்ணல மாமா. மண்ணும் சாகல. நான்தான் நோய்ச் செடிய எருக்குழில போட்டு, அத எடுத்துக் கொல்லை பூரா எறைச்சேன். எரு போடாத பாத்திய வந்து பாருங்க." மாமா கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேற்கே கூட்டிப்போனேன்.

பார்த்தார். குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். வேரோடு, கொத்துக் கொத்தாய்ப் பிஞ்சுக் காயோடு வந்தது.

"சரி, இன்னும் ஒரு போகம் பாரு."

"ஒன்னு பத்தாது மாமா. ரெண்டு வருஷம் வேணும்."

"தப்பையும் பண்ணிட்டுக் கெடு வேற கேக்குறியா?"

"நான் பண்ணதாலதான் நான் கேக்குறேன்."

கையிலிருந்த செடியின் மண்ணை உதறி, அதை வரப்பில் வைத்தார். பிறகு போனை எடுத்து, மனைக்காரரிடம் "இன்னிக்கு வாணாம் சார்" என்றார். இன்னிக்கு என்றுதான் சொன்னார்.

நான் கணவரிடம் கையை நீட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.