இராவணன் மீசையைச் சிரைத்தவன்

முட்டாள் யார் என்று தேடிக்கொண்டு இந்தக் குறிப்பின் கடைசி வரைக்கும் நீங்கள் போகத் தேவையில்லை. நான்தான். கடலைத் தடுக்க இந்தக் கரையில் ஆட்கள் கல் கொட்டியிருக்கிறார்கள், மண்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள், கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார்கள். கடல் வரும் வழியை மட்டம் பிடித்து, கூட்டித் துப்புரவாக்கி, "வாங்கோ" என்று திறந்துவிட்டவன் நான் அறிய நான் ஒருவன்தான். அதற்குச் சம்பளமும் வாங்கினேன். அந்த வருடத்தின் சிறந்த ஊழியர் என்று ஒரு கேடயம் வேறு தந்தார்கள்.

நிலாவெளிக்கும் இறக்கக்கண்டிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் பத்தொன்பது வருடம் மெயின்டனன்ஸ் சுப்பர்வைசராக இருந்தேன். பம்ப், ஜெனரேட்டர், ஏசி, குளியலறைக் குழாய், இவைதான் என் உலகம். தாவரங்களில் எனக்குத் தெரிந்தது கறிவேப்பிலை மட்டும். அதையும் சாப்பாட்டுக் கோப்பையில் ஓரமாக ஒதுக்கித்தான் பழக்கம். இப்படிப்பட்ட ஒருவனிடம் கடற்கரையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை, இப்போது ஹோட்டல் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

1. ஒரு உள்ளங்காலின் படம்

தோட்டக்காரர் வேலையை விட்டுப் போனதும் கடற்கரையைக் கூட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அடுத்த கிழமையே மனேஜர் என்னைக் கூப்பிட்டுத் தன் போனை நீட்டினார். திரை முழுக்க ஒரு வெள்ளைக்காரரின் உள்ளங்கால். கீழே எங்கள் ஹோட்டலுக்கு அவர் போட்ட ஒரேயொரு நட்சத்திரம்.

"தங்கராசா, இது என்ன?"

"கால், சேர்."

"கால் எண்டு எனக்கும் தெரியும். காலுக்குள்ள குத்திக்கொண்டு நிக்கிறது என்ன?"

"இராவணன் மீசை, சேர்."

மனேஜர் கொழும்புக்காரர். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து முறைத்தார். நான் விடவில்லை. மணல் மேட்டில் முளைக்கும் முரட்டுப் புல் அது. அதன் விதைகள் முள்முள்ளாக ஒரு பந்தாகத் திரண்டு, காற்றில் கரை நெடுக உருண்டு திரியும். மிதித்தவர் இராவணனை மட்டுமல்ல, அவர் பரம்பரையையே நினைப்பார்.

"எடுங்க" என்றார்.

"எதை, சேர்?"

"எல்லாத்தையும். இந்தப் புல்லு, அந்த ஊதாப்பூ அடம்பன் கொடி, கடல் ஒதுக்கிக் கரையில கிடந்து நாறுற சாதாழைப் பாசி, எல்லாம். அதோட அந்த மணல் மேட்டையும் எடுங்க. கீழ் மாடி அறைகளுக்கு சீ வியூ எண்டு விளம்பரம் போட்டிருக்கிறம். யன்னலத் திறந்தா மேடு தெரியுது. மலை வியூ எண்டா போடுறது?"

இந்த இடத்தில் மூளையுள்ள ஒருவன் ஒரு கேள்வி கேட்டிருப்பான்: இந்த மேட்டை இங்கே கொண்டுவந்து வைத்தது யார், எதற்கு? நானும் ஒரு கேள்வி கேட்டேன்.

"எப்ப முடிக்கோணும், சேர்?"

2. சவரம்

கழித்துப் போட்ட கடற்கரைக் கட்டில்களின் இரும்புச் சட்டங்களை வெட்டி ஒட்டி மணலை வாரிக் கூட்ட ஒரு பெரிய வாரி செய்தேன். அதை லாண்ட் மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெஷினுக்குப் பின்னால் கொழுவி, யோகன் என்ற ஊழியரை ஓட்டப் பழக்கினேன். விருந்தினர்கள் எழும்புமுன் ஒரு துண்டுச் சாதாழை, ஓர் அடம்பன் இலை கூட மணலில் கிடக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். மேட்டுக்கு மண் அள்ளும் பெக்கோ மெஷினை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தேன்.

எங்களுக்குப் பக்கத்து வளவு றஹீமா ராத்தா மீன் காயவைக்கும் கருவாட்டு வாடி. இறக்கக்கண்டியில் அக்காவை ராத்தா என்பார்கள். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். மேட்டுக்குப் பின்னால் அவருடைய கிணறு. ஆள் ஆழம்கூட இல்லாத, கொங்கிறீட் வளையம் இறக்கிய கிணறு. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இளநீர் மாதிரித் தண்ணீர். மீன் கழுவுவது, வாடிப் பெண்கள் குடிப்பது, சமைப்பது எல்லாம் அதில்தான். எங்கள் ஹோட்டலில் தண்ணீரில் உப்பை எடுக்கும் ஆர்.ஓ. பிளான்ட் இருந்தது. அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணீர் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்ததுபோல இருக்கும். ஆகவே நானும் யோகனும் பத்து மணித் தேத்தண்ணீருக்கு வேலியால் கேத்தலை நீட்டி ராத்தாவின் தண்ணீரைத்தான் வாங்குவோம்.

மெஷின் சத்தம் கேட்டு ராத்தா வேலியடிக்கு வந்தார்.

"என்ன சுப்பர்வைசர், கடற்கரைக்கு மொட்டையடிக்கிறீங்களா?"

"மொட்டை இல்ல ராத்தா. இராவணனுக்குச் சவரம்."

"எங்கட வாப்பா அந்த மேட்டில ஆட்டைக்கூட ஏற விடமாட்டார். வடிவா யோசிச்சுச் செய்யுங்க."

நான் சிரித்தேன். ஆட்டுக்கும் மேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ராத்தா ஒரு கலியாணத்துக்காகக் கிண்ணியாவுக்குப் போனார். எங்கள் பக்க வேலை மூன்றாம் நாள் மத்தியானமே முடிந்துவிட்டது. மெஷினுக்கு அரைநாள் மிச்சம். எங்கள் மேடு அப்படியே தொடர்ந்து ராத்தாவின் வளவுக்குள் போனது. பாதியில் வெட்டி விட்டது கண்ணுக்கு அழகாக இல்லை. இத்தனை வருடம் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் தந்த மனுசிக்கு ஒரு கைமாறு செய்வோம் என்று, யாரையும் கேட்காமல் அந்த மேட்டையும் தள்ளி மட்டமாக்கினேன். வாரி போட்டுக் கோலம் மாதிரிக் கோடு இழுத்தும் விட்டேன்.

ராத்தா வந்து பார்த்தார்.

"ஆரக் கேட்டு எடுத்தீங்க?"

"சும்மாதான் ராத்தா. மெஷின் அரைநாள் மிச்சம் நிண்டது..."

"மெஷின் நிண்டா எங்கட கூரையையும் கழட்டியிருப்பீங்களா?"

நல்லது செய்தால் ஏச்சுத்தான் கிடைக்கும் என்று யோகனிடம் புலம்பினேன். அவன் தலையாட்டினான். அவன் எதற்கும் தலையாட்டுவான்.

3. மெயின்டனன்ஸ் பிரிவு கவனிக்கவும்

ஒரு மாதத்துக்குப் பிறகு வரவேற்பு மேசையிலிருந்து எனக்கு வந்த முறைப்பாட்டுத் துண்டு இது:

அறை 14: ஏசி சத்தம். அறை 6: ஷவர் ஒழுகுது. கடற்கரை: பறவை இல்லை.

பறவை பார்க்கவென்றே வருடா வருடம் வரும் ஒரு தம்பதி. அலை ஓரத்தில் ஓடித் திரிந்த சின்னக் கால் குருவிகள் ஒன்றையும் காணவில்லையாம், நண்டுப் பொந்துகளும் இல்லையாம். நான் மனேஜரிடம் போய், ஏசிக்கு காஸ் அடிக்கலாம், பறவைக்கு என்ன அடிப்பது என்று கேட்டேன்.

"அது உங்கட செக்ஷன்" என்றார்.

நாறுகிறது என்று நான் வாரி எரித்த சாதாழைக்குள்தான் அந்தக் குருவிகளின் சாப்பாடு துள்ளிக்கொண்டிருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தம்பதி இரண்டு நாள் முன்னதாகவே அறையைக் காலி செய்தார்கள். போகும்போது கடற்கரையைக் காட்டி, "வெரி கிளீன்" என்றார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

4. சீ வியூ உள்ளே வந்தது

மாரி தொடங்கி, வாடைக்காற்று ஏறிய மூன்றாம் நாள், பட்டப்பகலில், பஃபே மேசையில் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தபோது கடல் வந்தது. பெரிய அலை என்று சொல்ல முடியாது. அந்தளவு அலை ஒவ்வொரு மாரியிலும் வந்து மேட்டில் மோதித் திரும்பிப் போகும். இந்த முறை மோத ஒன்றும் இல்லை. கோலம் போட்ட மட்டமான மணலில் கம்பளத்தில் நடப்பதுபோல நடந்து வந்து, கீழ் மாடி அறைகளை எட்டிப் பார்த்து, நீச்சல் தடாகத்தில் இறங்கியது. தடாகத்துப் பம்ப் எரிந்தது. ஒரு திரளி மீன் படிக்கட்டில் துள்ளிக்கொண்டு கிடந்தது. "சேர், கறிக்கு எடுக்கவா?" என்று கேட்டான் யோகன்.

எனக்கு அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. ஓடினேன்.

ராத்தா கிணற்றடியில் முழங்கால் தண்ணீரில் நின்றார். கருவாட்டுப் பாய்கள் மிதந்தன. கிணற்றின் வளையம் எங்கே என்று தெரியவில்லை.

"வாங்க சுப்பர்வைசர்" என்றார். "உங்கட சீ வியூ எங்கட கிணத்துக்குள்ள வந்திருக்கு."

மிதந்த பாய்களை இழுத்து வேலியில் போடத் தொடங்கினேன்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். கடலேதான். அந்தக் கிணறு இல்லாவிட்டால் மீன் கழுவ ஏலாது, வாடி இல்லை. வாடி இல்லாவிட்டால் ராத்தாவும் அவரோடு வேலை செய்த நாலு பெண்களும் வீட்டில்.

முட்டாள்தனத்தின் இரண்டாம் பாகம் இனித்தான். நான் பம்ப்காரன் அல்லவா? உப்புத் தண்ணீர் வந்தால் இறைத்து வெளியே விட்டால் சரி என்று, இரண்டு அங்குலப் பம்பைக் கொண்டுபோய் வைத்து இறைத்தேன். கிணறு வற்றியது, ஊறியது. மறுபடி இறைத்தேன். மூன்று நாள். ஊற ஊற உப்புக் கூடியது. பம்ப் பழுதோ என்று பம்பைக் கழற்றிப் பார்த்தேன். என் மூளையைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

நாலாம் நாள், கரையோரத்துக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். சின்ன வயது, பெரிய தொப்பி. கையில் ஒரு கொப்பி.

"இங்க இருந்த மேடு எங்க?"

"எடுத்தாச்சு, மிஸ்."

"மேட்டில நிண்ட இராவணன் மீசை, அடம்பன் கொடி?"

"எடுத்தாச்சு, மிஸ்."

"சாதாழையாவது கிடக்குதா?"

"ஒவ்வொரு நாளும் எடுக்கிறம், மிஸ்."

"அப்ப கடலை மறிக்க என்ன வச்சிருக்கிறீங்க?"

"சீ வியூ, மிஸ்."

அவர் சிரிக்கவில்லை. பம்பைப் பார்த்தார்.

"இதையும் நீங்கதானா? உடனே நிப்பாட்டுங்க. சுனாமிக்குப் பிறகும் ஆக்கள் இப்படித்தான் இறைச்சு இறைச்சுக் கெடுத்தவை. மேல நிக்கிற நல்ல தண்ணியை நீங்க இழுக்க இழுக்க, கீழ இருந்து உப்பு மேல வருது."

பிறகு மணலில் குந்தியிருந்து ஒரு குச்சியால் கீறிக் காட்டினார். கரை ஒதுங்கும் சாதாழையில் மணல் தங்கும். அந்த மணலில் அடம்பன் படரும். அடம்பன் பிடித்த மணலில் மீசை வேர் விடும். மீசை நிற்க நிற்க மேடு உயரும். மேட்டுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் அங்கேயே நின்று உப்பைக் கடல் பக்கமாகத் தள்ளிவைத்திருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் இத்தனை வருடமும் நான் கேத்தலில் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

"இப்ப என்ன செய்யலாம், மிஸ்?"

"எடுத்த ஆக்களே திருப்பி வையுங்க. கிணத்தை மழைகிட்ட விடுங்க."

5. திருப்பி வைத்தது

எடுக்க மூன்று நாள். திருப்பி வைக்க எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

சாக்கோடு சாம்பல்தீவுக் கரைக்குப் போனேன். நான் எரித்த அதே சனியன்களை, ஒவ்வொரு முள் பந்தாக, கையில் இரத்தம் வரப் பொறுக்கினேன். அடம்பன் கொடியை முழம் முழமாக வெட்டிக் கட்டினேன். அங்கே நின்ற மீன்காரர்கள், மனுசனுக்கு வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு முழு நாள் முதுகு முறிய நட்டேன். அடுத்த நாள் காலை வந்து பார்த்தால் மணல் பளிங்கு மாதிரிக் கிடக்கிறது. ஒரு கொடி இல்லை.

"யோகன்! நட்டதெல்லாம் எங்கயடா?"

"வாரிட்டன், சேர். ஒரு இலைகூடக் கிடக்கக் கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க."

நான் பழக்கியவர்களுள் ஒழுங்காகப் பழகிய ஒரேயொரு ஆள். என்ன சொல்லி ஏசுவது?

இரண்டாம் தரம் நட்டதை மாடுகள் மேய்ந்தன. மூன்றாம் தரம் கயிறு கட்டினேன். விருந்தினர்கள் கயிற்றைத் தாண்டிப் போய், பலகையில் நான் எழுதியிருந்த "மிதிக்காதீர்கள்" என்பதோடு நின்று செல்பி எடுத்தார்கள். மனேஜர் கிழமைக்கு ஒருமுறை வந்து கேட்பார்.

"எப்ப வளரும் இது?"

"அது மீசை, சேர். அவசரப்படுத்த ஏலாது."

"கொங்கிறீட் மதில் கட்டினா என்ன?"

"கட்டினா, கடல் சுத்திக்கொண்டு பக்கத்து வளவுக்குள்ளால வருமாம், சேர். மிஸ் சொன்னவ."

"பக்கத்து வளவால வந்தா எங்களுக்கென்ன?"

அந்த ஒரு நாள்தான் நான் அவரிடம் குரலை உயர்த்தியது. கேடயத்தைத் திருப்பித் தரவா என்று கேட்டேன். அவர் திரும்பிப் போய்விட்டார். மதிலும் வரவில்லை.

ராத்தாவுக்கு ஒவ்வொரு நாளும் ஹோட்டல் பிக்கப்பில் தண்ணீர் கொண்டுபோய் இறக்கினேன். அவர் தண்ணீர்த் தாங்கியைத் திறந்து காட்டுவார், நான் ஊற்றுவேன். இரண்டு பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பாதிப் பாய்கள் சுருட்டியபடியே கிடந்தன.

இரண்டு மாரி போனது. மேடு முழங்கால் உயரத்துக்கு வந்தது. மீசை பச்சை பிடித்தது. நண்டுகள் யாருடைய அனுமதியும் இல்லாமல் பொந்து தோண்டின. அந்த மீசை என் காலிலேயே இரண்டு தரம் குத்தியது. நான் நட்சத்திரம் ஒன்றும் குறைக்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்திய கிழமை, பிளான்ட்டில் உப்புப் பார்க்கும் பேனை அளவு மீட்டரை எடுத்துக்கொண்டு ராத்தாவின் கிணற்றடிக்குப் போனேன். ஒரு வாளி அள்ளி மீட்டரை விட்டேன். குடிக்கலாம் என்ற எல்லைக்குள் எண் வந்து நின்றது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ராத்தா பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வாய் நிற்கவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து செய்ததை வைத்தே எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு பிரசங்கமே வைத்தேன். கீழே ஒரு வால்வைக் கழற்றினால் மூன்றாம் மாடியில் யாரோ சவர்க்காரத்தோடு நிற்பார் என்று குழாய் வேலைக்காரனுக்குத் தெரியும். தெரியாத வால்வில் கை வைக்க மாட்டான். புல், குருவி, நண்டு, மணல், மழை, கிணறு, நாங்கள் எல்லாரும் ஒரே லைனில்தான் இருக்கிறோம். குழாய் கண்ணில் படவில்லை என்பதற்காகக் குழாயே இல்லை என்று நினைத்துவிட்டேன். இனி யார் என்னிடம் எதைக் கழற்றச் சொன்னாலும், அது எதோடு பொருத்தியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். இப்படியெல்லாம் சொல்லிவிட்டு, மீட்டரை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பாருங்க ராத்தா. நல்ல தண்ணி. மீட்டரே சொல்லுது."

ராத்தா மீட்டரைப் பார்க்கவில்லை. வாளிக்குள் ஒரு கிளாசை விட்டு விளிம்புமட்டும் அள்ளி, என் கையில் தந்தார்.

"அப்ப முதல்ல நீங்க குடியுங்க."