கொட்டகை ஆணி

1998 கோடையில், மயிலத்துக்கு அப்பால் ஓர் ஊரில், எங்கள் ஜெபக் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். முன்னின்று பிரித்தவர் ஏழுமலை. அங்கே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மெஷின் வைத்திருந்தார். வெறுங்காலோடு மேலே ஏறித் தகரங்களை மிதித்துத் தள்ளினார். தடுக்கப் போன என்னைப் பிடித்துத் தள்ளியதில் வலது மணிக்கட்டு முறிந்தது.

"இன்னாடா, உங்க ஏசு வந்து மாவுக்கட்டு போடுவாரா? ஜல்தியா பஸ் புடிச்சி ஓடிடு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் எட்டாவது தாண்டாதவன். லாரி கிளீனர், செங்கல் சூளை, போர்வெல் வண்டி என்று ஊர் ஊராகத் திரிந்துவிட்டு, ஏசுவைச் சொல்லும் ஊழியத்துக்கு வந்தவன். அடி எனக்குப் புதிதல்ல. அந்தச் சிரிப்புதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. திண்டிவனத்தில் எங்கள் சபையார் உலகப் படத்தை விரித்து, ஆப்பிரிக்காவுக்கும் வடநாட்டுக்கும் போன ஊழியர்களுக்காகக் கை நீட்டி ஜெபிப்பார்கள். என் கை மட்டும் ஏழுமலை வீட்டுப் பக்கம் நீண்டது. "ஆண்டவரே, அந்த வாயை அடைத்துப்போடும்." வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

எங்களுக்குள் எரிகோ நடை என்று ஒரு வழக்கம் உண்டு. பைபிளில் எரிகோ கோட்டையை ஏழு நாள் சுற்றியே அதன் மதிலை விழவைத்ததுபோல, எதிர்த்து நிற்கிற இடத்தை ஏழு நாள் சுற்றி வந்து ஜெபிப்போம். கழுத்தில் கட்டித் தொங்கிய கையோடு ஏழுமலையின் வீட்டைச் சுற்றினேன். எனக்கே அர்த்தம் தெரியாமல் ஆவியில் வருகிற அந்நிய பாஷையில் முணுமுணுத்தேன். ஊரார் பார்த்தார்கள். அது அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நடை முடிந்த மறுநாள் ஏழுமலையின் மனைவி அஞ்சலை ஓடி வந்தார்.

"அண்ணா, அவருக்கு வாய் தொறக்கல. தாடை பூட்டிக்கிச்சி. முதுகு வில்லு மாதிரி வளையுது. நீ வெச்சத நீயே எடுத்துடுண்ணா. ஊட்டச் சுத்துனியே, திரும்பச் சுத்தி அவுத்து வுடு."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவலியாம்மா?"

"செய்வினைக்கு ஊசி போட்டா செத்துடுவாருன்றாங்க."

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இப்போது பேசு பார்க்கலாம் என்று நினைத்தேன். நான் சும்மா இருந்தாலே போதும், அவர் செத்திருப்பார். ஊரே நடுங்கியிருக்கும். ஆனால் நடுங்குவது என் ஆண்டவருக்கு அல்ல, ஒரு சூனியக்காரனுக்கு. என்னை வைத்தே பிசாசு ஜெயிக்கப் பார்க்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. அவனை ஜெயிக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். குதிகாலில் சீழ் வைத்த புண். "எப்ப குத்துச்சி?" என்றேன். "உங்க கொட்டாய்ல ஏறுனப்போ. ஆணி" என்றார் அஞ்சலை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவிடாமல் வழி மறித்த ஊராரிடம் கத்தினேன். "நான் ஒண்ணும் வெக்கல. இது துருப்புடிச்ச ஆணி பண்ண வேல. தூக்கி வண்டில போடுங்க. ஊசி போட்டு செத்தா என்னக் கட்டி வெச்சி அடிங்க."

திண்டிவனத்தில் ஆணிப் புண்ணால் வந்த டெட்டனஸ் என்று சொல்லி, ஊசி போட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். சத்தமும் வெளிச்சமும் ஆகாதென்று இருட்டறையில் கிடத்தினார்கள். நான் வெளியே உட்கார்ந்தேன். அடைக்கச் சொல்லி ஜெபித்தபோது வார்த்தை தானாக வந்தது. திறக்கச் சொல்லி ஜெபிக்க என் தாடையும் பூட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டே ஜெபித்தேன். அதையும் கர்த்தர் கேட்டார்.

வாரங்கள் கழித்து வாய் திறந்த ஏழுமலை என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "நீ இன்னும் போவலியா?"

"எழுந்து வந்து தொரத்து, போறேன்" என்றேன். அஞ்சலை அழுதுகொண்டே சிரித்தார்.

ஏழுமலை இன்றுவரை சபைக்கு வந்ததில்லை. ஆனால் கொட்டகையை மறுபடி போட்ட அன்று செருப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "பழைய ஆணி ஒண்ணுகூட வெக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தக் கொட்டகையை யாரும் தொடவில்லை.

என் கோபம் போய்விடவில்லை. அது யார் மேல் என்பதுதான் மாறிவிட்டது. அன்று என்னைச் சூனியக்காரனாக்கப் பார்த்த பிசாசை, கால் போகிற ஊரிலெல்லாம் ஊழியம் செய்து பழி வாங்கிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் விரோதி இருந்தால், பூசி மெழுகாமல் ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் செவி மந்தமானவர் அல்ல. ஆனால் அந்த விரோதி விழும்போது கிட்டேயே நில்லுங்கள். தூக்குவதற்கு அவர் உங்களைத்தான் கூப்பிடுவார்.