சரிதா எழுதச் சொன்ன தீர்மானம்

சரிதாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எழுத்து வேலை என்று எது வந்தாலும் எங்கள் பள்ளியில் அது என் தலையில்தான் விழும். கையெழுத்து அழகாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

எங்கள் பள்ளி என்றால், மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புகள், நாற்பத்தொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியை ரத்தினம் டீச்சர். இன்னொருவர் சாம்பசிவனாகிய நான். டீச்சருக்கு வாரத்தில் மூன்று நாள் கூட்டம், பயிற்சி, அலுவலகம் என்று ஏதாவது வந்துவிடும். அந்த மூன்று நாளும் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவன்தான். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லித் தரப் போனால், திரும்பி வரும்போது ஒன்றாம் வகுப்பு வேப்பமரத்தடியில் இருக்கும்.

சரிதா கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். எட்டாவது வரை படித்தவர். கணவர் இளமாறன் கடலுக்குப் போகிறவர். பாதி நாள் குப்பத்திலேயே தங்கிவிடுவார். சரிதா பள்ளி இருந்த ஊரில் வாடகைக்கு இருந்துகொண்டு, விடிவதற்குள் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து மேடவாக்கத்தில் விற்பார். ஒரே மகள் ஓவியா. அப்போது நாலாம் வகுப்பு.

அவர் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவரானது ஒரு கூத்து. பள்ளிக்கு என்ன வேண்டும், வருகிற பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று மாதம் ஒருமுறை பெற்றோர் கூடித் தீர்மானம் போடுகிற குழு அது. தலைவர் ஒரு மாணவரின் அம்மாவாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கிற அன்று வந்த ஒன்பது அம்மாக்களில் எட்டுப் பேர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்கள். மீனை விற்று முடித்துவிட்டு வந்திருந்த சரிதா மட்டும் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தவர் தலைவராகிவிட்டார்.

கூட்டம் நடக்கும் முன்பே தீர்மானத்தை நான் எழுதி வைத்துவிடுவேன். 'வளாகத் தூய்மை குறித்து விவாதிக்கப்பட்டது. ஒருமனதாக ஏற்கப்பட்டது.' சரிதா வந்து கையெழுத்துப் போடுவார். ஆனால் ஏமாளி இல்லை. வருஷம் முழுக்க வராத மானியம் மார்ச் மாதம் வந்து, மாதம் முடிவதற்குள் செலவழி என்று நிற்கும். அந்த அவசரத்தில் தண்ணீர் மோட்டாரை ரிப்பேர் பண்ண ஒருவன் கொள்ளை விலை சொன்னபோது, தன்னிடம் மீன் வாங்குகிற மெக்கானிக்கையே கூட்டிவந்து பாதிக் காசில் வேலையை முடித்துக் கொடுத்தார். மிச்சமான பணத்தில் எல்லோருக்கும் சிலேட்டு வாங்கினோம்.

அடுத்து என் லட்சணத்தைச் சொல்கிறேன். எந்தப் பிள்ளை வாசிக்கிறது, எது வாசிக்கவில்லை என்பதை நாங்கள் செல்போன் செயலியில் பதிய வேண்டும். 'வாசிக்கிறார்' என்று அழுத்தினால் பச்சை. 'இல்லை' என்று அழுத்தினால் சிவப்பு. சிவப்பு வந்தால் மறுவாரம் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வரும், ஏன் என்று விளக்கம் கேட்பார்கள், இன்னும் நாலு படிவம் நிரப்பச் சொல்வார்கள். ஆகவே எல்லாம் பச்சை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதேதான். எல்லோர் இலையிலும் பூசணிக்காய் இருந்தால் யார் யாரைக் கேட்பது?

அந்த நவம்பரில் சரிதாவின் சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தவர்கள் ஓவியா கையில் கொடுத்து, "படிக்கிற புள்ள படிக்கட்டும், கேப்போம்" என்றிருக்கிறார்கள். குப்பத்தில் அப்படி ஒரு வழக்கம். மாப்பிள்ளை, பெண் பெயரிலிருந்து மண்டபம் வரை வீட்டில் படிக்கிற பிள்ளை உரக்கப் படிக்க, பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஓவியா பத்திரிகையைப் பார்த்தபடி நின்றாளாம். அப்புறம் அழுதுவிட்டாளாம்.

மறுநாள் மத்தியானம் சரிதா காலிக் கூடையோடு நேராகப் பள்ளிக்கு வந்தார்.

"சார், ஓவியாவுக்குப் படிக்கத் தெர்ல."

"கூச்சமா இருந்திருக்கும்மா. நாலு பேருக்கு முன்னாடி..."

"வூட்ல நானும் அவளும் மட்டும் உக்காந்து பாத்துட்டேன் சார். எழுத்துக் கூட்டவே தெர்ல. உங்க போன்ல அவ பேருக்கு நேரா இன்னா போட்டுக்கீது?"

காட்டினேன். பச்சை. "பொய்யா சார்?" என்றார். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தானம்மா என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுத விடவில்லை. நாற்பத்தொரு பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்து, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் சலுகை. நாலு சொல் படித்தால் போதும். வந்திருந்த பெற்றோர் முதலில் சிரித்தார்கள். பத்தாவது பிள்ளை வந்து நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் படித்தவர்கள் பதினாலு பேர்.

"எழுதுங்க சார்" என்றார். "இருவத்தேழு புள்ளைங்களுக்குப் படிக்கத் தெர்ல. சொல்லித்தர ஆளு பத்தல. இன்னோரு டீச்சர் வோணும். அத்த அப்டியே எழுதுங்க."

ரத்தினம் டீச்சருக்கு வியர்த்துவிட்டது. "வேண்டாம் சரிதா. நம்ம பள்ளியை நாமே குறை சொல்லி எழுதக் கூடாது" என்றார்.

"டீச்சர், நேத்து மீன நேத்து மீனுன்னு சொல்லித்தான் நான் விக்கிறேன். அன்னிக்கு ரெண்டு பேரு வாங்காம போவாங்க. மறுநாளு என்கிட்டதான் வருவாங்க, இந்தம்மா பொய் சொல்லாதுன்னு. உள்ளத சொன்னாதான் ஆபீசுலேந்து இன்னோரு டீச்சர அனுப்புவாங்க."

எழுதினேன். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு தாளில் உண்மையை எழுதியது அன்றைக்குத்தான். சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீர்மானம் அலுவலகத்துக்குப் போனது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குடியரசு தினத்தன்று கிராம சபையில் சரிதா அதை மைக்கில் வாசித்துவிட்டார்.

அங்கேதான் அவர் கணக்கு தப்பியது. மீன் வாங்குகிறவருக்கு நாளைக்கும் மீன் வேண்டும். பிள்ளையைச் சேர்ப்பவர்கள் நாளை வரை பொறுக்க மாட்டார்கள். யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்று சும்மாவா சொன்னார்கள்? ஊரில் பழைய நிலக்காரர் துளசிங்கம், இப்போது இருபது வீடு வாடகைக்கு விட்டிருப்பவர், சரிதா குடியிருந்த வீட்டுக்கும் சொந்தக்காரர், அங்கேயே எழுந்து நின்று கத்தினார்.

"இன்னா சரிதா, ஊரு மானத்த மைக்குல ஏலம் போடுற? எங்க தாத்தா குடுத்த எடத்துல கட்டுன ஸ்கூலு அது!"

"மானத்த நான் இன்னாண்ணா பண்ணட்டும்? புள்ளைங்களுக்குப் படிக்கத் தெர்லியே" என்றார் சரிதா. யாரும் அவர் பக்கம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிப்ரவரியில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. செயலியில் நாற்பத்தொரு பேரும் வாசிப்பதாகப் பதிவு இருக்கிறது. தீர்மானத்தில் இருபத்தேழு பேர் வாசிக்கவில்லை என்று இருக்கிறது. எது சரி? மூன்று நாளில் விளக்கம் தரவும்.

டீச்சர் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. எனக்குப் படப்பையில் வீட்டுக் கடன். இரண்டு பேரும் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். நான் பேனாவை எடுத்தேன். 'குழுத் தலைவர் மீன் வியாபாரம் செய்பவர். கல்வி மதிப்பீடு குறித்துப் போதிய புரிதல் இன்றி, உணர்ச்சிவசப்பட்டு இத்தீர்மானத்தைக் கொண்டுவந்துவிட்டார். செயலியில் உள்ள பதிவே சரியானது.' அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதினேன். எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பதால் கூடுதல் ஆசிரியர் தேவைப்படவில்லை என்று இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அதைக் கோப்பில் வைத்து மூடினேன்.

சரிதா வாரம் தவறாமல் கேட்பார். "டீச்சரு எப்ப சார் வருவாங்க?"

"ஃபைல் போய்க்கிட்டு இருக்கும்மா" என்பேன். நாக்கு அழுகிப் போயிருக்க வேண்டும்.

ஜூனில் பள்ளி திறந்தபோது பதினேழு பேர்தான் வந்தார்கள். மற்ற பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் வந்து தெருமுனையிலேயே ஏற்றிக்கொண்டு போயின. ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. சரிதா மீன் விற்று முடித்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். "ஒரு வருசம் பாருங்கக்கா, டீச்சரு வந்துடுவாங்க" என்று கெஞ்சினார். "நீதானம்மா மைக்குல சொன்ன, அங்க ஒண்ணும் சொல்லித்தர்றது இல்லன்னு?" என்று கதவைச் சாத்தினார்கள். துளசிங்கம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருவில் அதிக வாடகைக்கு ஒரு அறை பிடித்துக்கொண்டு, மறுநாளும் பிள்ளை கேட்டுப் போனார்.

ஆகஸ்டுக்குள் பதினேழு ஒன்பதானது. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டரை கிலோமீட்டர் தள்ளியிருந்த பெரிய பள்ளியோடு எங்களை இணைத்துவிட்டார்கள். குழுவின் சம்மதத் தீர்மானத்தையும் நான்தான் எழுதினேன். சரிதா அதை இரண்டு முறை படித்தார். "கையெழுத்து போட்லன்னா இன்னா சார் ஆவும்?" என்று கேட்டார். போடாவிட்டாலும் மூடுவார்கள் என்றேன். போட்டார். ரத்தினம் டீச்சரை அந்தப் பெரிய பள்ளிக்கும் என்னைப் படப்பைப் பக்கத்துக்கும் மாற்றினார்கள். எனக்கு வீடு பக்கமாகிவிட்டது. என் வாழ்க்கையில் கெட்டது செய்து நன்மை கிடைத்தது அது ஒன்றுதான் என்று சொல்லலாம் என்று பார்த்தால், அதுவும் பொய்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கண் ஆஸ்பத்திரிக்குப் போக விடுப்பு எடுத்து மேடவாக்கம் வந்திருந்தேன். காலை பதினொரு மணி. தண்ணி லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டினால் எதிரே சரிதா. பக்கத்தில் ஓவியா, பலகையில் சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். கை பழகியிருந்தது.

"ஓவியா, இன்னைக்கு ஸ்கூல் இல்லியா?" என்றேன். அவள் அடுத்த மீனை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"போவ மாட்டேங்குது சார்" என்றார் சரிதா. "அங்க கிளாசுல அம்பது புள்ளைங்க. எழுப்பி வுட்டுப் படிக்கச் சொல்றாங்களாம். இதுக்குத் தெர்ல. எல்லாம் சிரிக்குதுங்களாம். நான் கொண்டுபோயி வுட்டாலும் மத்தியானத்துக்குள்ள ரோட்டத் தாண்டி ஓடியாந்துடுது. லாரி வர்ற ரோடு. அதான் என்கூடவே வெச்சிக்கினேன்."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் வாய மூடிகினு இருந்திருந்தா ஸ்கூலாச்சும் இருந்திருக்கும் இல்ல சார்? என்னாலதான் மூடிட்டாங்க, இல்ல?"

இல்லையம்மா, உங்களால் இல்லை, நான் எழுதின ஒரு கடிதத்தால் என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அதற்குள் வஞ்சிரம் விலை கேட்டபடி ஓர் அம்மாள் வந்து நின்றார். சரிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் கையை நீட்டி அவரிடம் சொன்னார்.

"சாரு எங்க ஸ்கூலு வாத்தியாரும்மா. எல்லாரும் வோணாம்னு சொன்னப்போ, நான் சொன்னத ஒரு எழுத்து மாத்தாம எழுதுனவரு இவரு ஒருத்தருதான்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.