ஆறாவது பொட்டலம்

யுத்த காலத்தில் திருச்சியில் ஒரு வாடகை வீட்டில் எட்டுப் பேர் தங்கி இன்டர்மீடியட் படித்தோம். எல்லோரும் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம். எங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டோம். அதற்கு இரண்டே விதி. ஒருவனும் பரீட்சையில் தவறிக் கோட் அடிக்கக் கூடாது; கோடை விடுமுறையில் ஊர்ப்பக்கம் போய் ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும். முதல் விதிக்கு ஆபத்து என்னால்தான் வந்தது. அல்ஜீப்ரா எனக்குச் சுத்தமாக மண்டையில் ஏறாது. ஆனாலும் வாய் பெரிது என்பதால் என்னையே செயலாளராக்கியிருந்தார்கள்.

என்னைக் கரையேற்றும் வேலையை ஏற்றுக்கொண்டவன் சங்கத்தின் ஒன்பதாவது ஆள். குன்னத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் சேரியில் பிறந்தவன். அரசாங்க விடுதியில் தங்கியிருந்தான். தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, "எந்திரிடா, மணி ஆவுது" என்று என் போர்வையை உருவுவான். எங்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டான். அப்படிச் சாப்பிட வைத்ததில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் கூசுகிறது.

அந்தக் கோடையில் அவன் ஊரில் வாந்திபேதி பரவியது. ஊரில் ஐந்து கிணறு, சேரியில் ஒன்று என்று கணக்கெழுதி எனக்குக் கடிதம் போட்டான். அரியலூரில் சுகாதார ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடிக் கிணற்றில் கரைக்கும் மருந்து ஆறு பொட்டலம் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை நான்கு பேர் போய் இறங்கினோம். அவன் ஊர் எல்லையில் காத்திருந்தான். "வாங்க" என்றான். திருச்சியில் என் போர்வையை உருவுகிறவன், தன் சொந்த ஊரில் எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினான். நானும் அதைப் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

மதியத்துக்குள் ஊர்க் கிணறு ஐந்தும் முடிந்தது. மணியக்காரர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். இலையில் இரண்டாம் முறை சோறு விழுந்தபோது மணியக்காரர் சொன்னார்: "நம்ம தோட்டத்துக் கெணத்துலயும் ஒண்ணு போட்டுடுங்க தம்பி. புள்ளைங்க குடிக்குற தண்ணி."

என் சட்டைப்பையில் கடைசிப் பொட்டலம் இருந்தது. அது எந்தக் கிணற்றுக்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாப்பிட்ட வீட்டில் மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்து அவனிடம், "நாளைக்கே வேற பொட்டலம் கொண்டாறேன்" என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்க. ஆபீஸ் இருக்காதே."

"அப்ப திங்கக்கெழமை."

"எங்க தெருவுல ரெண்டு வூட்ல பேதி கண்டுருச்சுங்க" என்றான். எந்த வீடுகள் என்று நான் கேட்கவில்லை; எங்களைக் கொண்டுவிட மணியக்காரர் வண்டி பூட்டியிருந்தார்.

திங்களன்று வாங்கினேன். பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரியில் ஓடிய பஸ் வழியில் இரண்டு தடவை நின்றுபோனதால் நான் போய்ச் சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சேரிக் கிணற்றடியில் அவன் உட்கார்ந்திருந்தான். தலை மழித்திருந்தது. முந்தின நாள் காலையில் அவன் அம்மா இறந்திருந்தாள். பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி, வாளித் தண்ணீரில் கரைத்து, அவனே கிணற்றில் விட்டான். நான் பக்கத்தில் சும்மா நின்றேன்.

சனிக்கிழமைக்கு முன்பே அந்தத் தண்ணீரை அவள் குடித்திருப்பாள், நான் போட்டிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம். ஆனால் பொட்டலம் என் பையில்தான் இருந்தது.

ஜூனில் காலேஜ் திறந்ததும் சங்கம் கூடியது. செயலாளர் என்ற முறையில் அறிக்கை வாசித்தேன். "ஒரே நாளில் ஆறு கிணறுகளுக்கு மருந்து இடப்பட்டது" என்று எழுதியிருந்தேன். எண்ணிக்கையில் பொய் இல்லை என்று மனசுக்குச் சமாதானம். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவன் எழுந்தான். "ஆறு சரிதான். ஆனா சேரிக் கெணத்துக்கு அன்னிக்கி மருந்து போடல. அதுக்குன்னு வச்சிருந்தது தோட்டத்துக்குப் போச்சு. அதையும் எழுதணும்."

நான் பேனாவை எடுத்து, எல்லோரும் பார்க்க, அவன் சொன்னபடியே எழுதினேன். கொடுத்தது செயலாளர் என்றும் சேர்த்தேன்.

இனி அவன் வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு வந்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எனக்கு இனிமே சொல்லித்தர வேணாம்" என்றேன்.

"ஒன்னைய கோட் அடிக்க வுட்டா எங்கம்மா எந்திரிச்சு வந்துருமா?" என்றான். "புஸ்தகத்த எடு."

எடுத்தேன். அந்த வருஷம் கணக்கில் தேறினேன். மன்னிப்பு மட்டும் நான் கேட்கவே இல்லை.