சேர்வராயன் மலையின் பாம்பைத் தேடி இரண்டு நாள்

செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு விடுமுறை விட்டதும் ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். ஈரோட்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். பரிணாமப் பாடத்தை இருபத்திரண்டு வருடமாக நடத்தியும், அதில் வரும் எதையும் போய்ப் பார்த்ததில்லை. விடுமுறை என்றால் அம்மாவோடு வீட்டில் இருப்பேன். மார்ச்சில் அம்மா தவறிவிட்டார். அந்த வீட்டில் ஒன்பது நாள் தனியாக இருக்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

நான் பார்க்கப் போனது ஒரு கேடயவால் பாம்பு. முழங்கை நீளம்கூட இருக்காது. கறுப்பு உடம்பு, அடியில் மஞ்சள் பட்டைகள், நறுக்கிவிட்டது போன்ற மொட்டை வால். விஷம் கிடையாது. மண்ணுக்குள் மண்புழு தின்று வாழும், மழை பெய்தால் வெளியே வரும். இந்த இனம் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைத் தவிர வேறெங்கும் இல்லை.

சேலம் புதிய பஸ் நிலையத்தில் காலை 6.10க்கு பஸ். இருபது கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி 7.30க்கு ஏற்காடு. ஏரிக்குப் பின்னால் ஒரு சின்ன விடுதியில் அறை, நாளுக்கு 1,200 ரூபாய். "எத்தனை பேருங்க?" என்று கேட்டார்கள். ஒருத்தி என்றதும் மறுபடி ஒருமுறை கேட்டார்கள். (தனியாகப் போகும் பெண்கள் அடையாள அட்டை நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.)

பாம்பு தென்படும் தலைச்சோலைப் பக்கம் போய்வர ஆட்டோவுக்கு 900 ரூபாய் பேசினேன். ஓட்டுநர் அந்தோணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அப்பா காலத்திலிருந்து எஸ்டேட் குடும்பமாம். முந்தின இரவு நல்ல மழை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வளைவில் திரும்பியபோது முன்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. கயிறாக இருக்கும் என்றார் அவர். எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன்.

அதுவேதான். வயிறு பிளந்து கிடந்தது. உள்ளே ஐந்து குட்டிகள், இன்னும் பிறக்காதவை. இந்த வகை முட்டையிடாது, குட்டி போடும். ஈரத் தார்ச் சாலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இதைப் பாக்கத்தானுங்களா டீச்சர் வந்தீங்க?" என்று அந்தோணி கேட்டார். நான் தலையசைத்தேன்.

"கொல்லிமலையில இருக்காதுங்களா?"

"அங்க இருக்கறது வேற இனமுங்க. இது இங்க மட்டுந்தான்" என்றேன்.

அவருக்குச் சொன்னேன். குளிர்ந்த ஈர மண் இல்லாமல் இவற்றால் வாழ முடியாது. சமவெளி காய்ந்து சூடானபோது மலைக்கு மேலே இருந்தவை மட்டும் தங்கிவிட்டன. மலையிறங்கிப் போய் வேறு மலையில் இருக்கும் பாம்போடு இணைசேர வழியில்லை. தலைமுறை தலைமுறையாகச் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து தனி இனமாகிவிட்டது. இப்படிச் சுருங்கிய கூட்டத்தில் எந்த மரபணு தங்கும், எது போகும் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. தற்செயலும் தீர்மானிக்கும். இன்று காலை நாங்கள் இந்த வழியாக வந்தது மாதிரி. வகுப்பில் இதற்கு மரபணு நகர்வு என்று சொல்லி, கலர் மணிகளைக் கொட்டிக் காட்டுவேன். குவியல் சின்னதென்றால் ஒரு நிறமே இல்லாமல் போய்விடும்.

அவர் குனிந்து அந்தக் குட்டிகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இருதலைப் பாம்புன்னு நானே நொம்ப அடிச்சிருக்கறனுங்க" என்றார். எல்லாவற்றையும் இலையில் அள்ளிக் காப்பிச் செடி அடியில் புதைத்தார். திரும்பும்போது, பசங்க எத்தனை என்று விசாரித்தார். கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, அம்மாவும் போய்விட்டார் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்த பாதி மரபணு என்னோடு நின்றுவிடும். கோடிக்கணக்கான மனிதர்களில் அது ஒரு கணக்கே இல்லை. அன்று மாலை அறையில் டீ ஆறிப்போகும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஊருக்குத் திரும்பிவிட முடிவு செய்திருந்தேன். காலை ஆறே காலுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. நான் கூப்பிடவில்லை. "இன்னிக்கு நடந்து பாப்பமுங்க" என்றார் அந்தோணி. அந்த வளைவுக்கு முன்பே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு கிலோமீட்டர் ஆளுக்கு ஒரு ஓரமாக நடந்தோம். 7.40க்கு அவர் கையைத் தூக்கினார்.

சாலை நடுவில் உயிரோடு ஒன்று. எண்ணெய் தடவினது போல மின்னிற்று. கீழே வெள்ளக்கடை கிராமத்துக்குப் போகும் பைக் சத்தம் கேட்டது. அந்தோணி சாலையின் குறுக்கே போய் நின்று கை காட்டி வண்டியை நிறுத்தினார். பாம்பு நிதானமாக ஊர்ந்து ஓரத்துக்குப் போய், சருகுக்குள் தலையை நுழைத்தது. ஒரு நிமிடத்தில் மண் அதை மூடிக்கொண்டது. பைக்காரர் என்னவென்று கேட்டார். "நம்ம ஊர்ப் பாம்புங்க" என்றார் அந்தோணி.

போகிறவர்களுக்கு: ஜூன் முதல் நவம்பர் வரை, மழைக்கு மறுநாள் காலை எட்டுக்குள் பார்க்க வாய்ப்பு அதிகம். சொந்த வண்டியென்றால் தோட்டச் சாலைகளில் இருபதுக்கு மேல் போகாதீர்கள். தேடுகிற இடத்துக்கு நடந்தே போங்கள், நான் செய்த தவறு அதுதான். கையில் எடுக்க வேண்டாம், மண்ணைக் கிளற வேண்டாம். வழியில் கடைகள் குறைவு, சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள்.

ஈரோடு வந்து கதவைத் திறந்தபோது இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நேற்று காலை அந்தோணி போன் செய்தார். ஏற்காட்டில் விடிய விடிய மழையாம். வெளிச்சம் வந்ததும் அந்த வளைவுப் பக்கம் நடந்து பார்த்தாராம்.

"ரெண்டுங்க டீச்சர். ரெண்டும் தாண்டிப் போயிருச்சுங்க."

ஈரோட்டில் நல்ல வெயில். போனை வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.