கழிக்காத எலும்பு

எடை மேடையில் பழனி ஏறியபோது ரமாமணி குறிப்பேட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தோரு கிலோ. மூன்றாவது வாரமாக அரை அரைக் கிலோவாக இறங்குகிறது.

"கறிய பொண்டாட்டிகிட்ட குடுத்தனுப்புறியா?" என்றார் டாக்டர் சிட்டிபாபு.

"சத்தியமா இல்ல சார். எல்லாம் துன்னுடறேன். பசிதான் அடங்கமாட்டேங்குது."

"கணக்கு அப்படிச் சொல்லலியே. சாயங்காலம் கிளம்பு. இந்தப் படுக்கைக்கு ஆள் காத்திருக்கு."

அது அறுபத்தொன்பதாம் வருஷம். இருபது படுக்கை கொண்ட அந்தக் காசநோய் விடுதியில் உணவுக் கணக்கு ரமாமணியுடையது. சின்னக் காஞ்சிபுரத்துப் பெண். கறியை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. கல்லூரியில், உலர்த்திய உணவை இரும்புக் கலத்துக்குள் எரித்து, சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளப்பார்கள். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏறினால் ஒரு கலோரி. வேர்க்கடலையை அவள் எரித்தாள். கறியைத் தோழி எரித்தபோது ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

நூறு கிராம் கோழிக்கு நூற்றொன்பது கலோரி, ஆட்டுக்கறிக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு என்றது அட்டவணை. அதனால்தான் பழனிக்குத் தினம் மதியம் முந்நூறு கிராம் ஆட்டுக்கறி எழுதியிருந்தாள். பிறகு ஏன் இளைக்கிறான்? உண்மையிலேயே திருடுகிறானா?

நான்கு வருஷமாகக் கறிச் சமையல் கொட்டகைக்கு அளவுச் சீட்டை ஜன்னல் வழியே நீட்டுவதோடு சரி. அன்று மதியம் உள்ளே போனாள்.

"இன்னாம்மா, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றான் சமையல்காரன் தாவீது.

"பழனியோட தட்டைக் காட்டு."

தட்டில் எலும்புகள் குவிந்திருந்தன.

"இவ்வளவு மிச்சம் வெச்சிருக்கானே!"

"எலும்பும்மா அது! உறிஞ்சி உறிஞ்சி பளபளன்னு ஆக்கி வெச்சிருக்கறான். மென்னு முழுங்கச் சொல்றீங்களா?"

"நீ நிறுக்கிற முந்நூறு கிராம் இதையும் சேர்த்தா?"

"பின்னே? கறின்னா எலும்போடதானே?"

வாழைக்காய்க்குத் தோலையும் முருங்கைக்காய்க்குச் சக்கையையும் கழித்துத்தான் அவள் எப்போதும் எழுதுவாள். 'உண்ணும் பகுதி' என்று அட்டவணையின் தலைப்பிலேயே இருந்தது. தொடாத கறியின் எண் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது; எலும்பைக் கழிக்கத் தோன்றவில்லை.

எலும்புகளைத் தன் கையாலேயே அள்ளிக் கழுவினாள். குமட்டலை அடக்கிக்கொண்டு நிறுத்தாள். நூற்றுப் பத்துக் கிராம். தினமும் இருநூறு கலோரிக்கு மேல் அவனுக்குப் போய்ச் சேரவேயில்லை.

அவள் திரும்பியபோது பழனியின் மனைவி பெரியநாயகி துணி மூட்டையைக் கட்டி முடித்திருந்தாள். ரமாமணி நேரே டாக்டர் அறைக்குப் போய், காகிதப் பொட்டலத்தை மேசைமேல் பிரித்தாள்.

"அவன் ஒண்ணும் குடுத்தனுப்பல டாக்டர். எலும்புக்கும் சேர்த்து நான்தான் கலோரி போட்டுட்டேன்."

சிட்டிபாபு எலும்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பழனியின் சீட்டில், அவனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்த வரியை அடித்தார்.

"நாளையிலேர்ந்து கொட்டகைத் தராசுகிட்ட நீங்களே நில்லுங்க."

"நிக்கறேன்."

வெளியே பெரியநாயகியிடம் சொன்னபோது, அவள் மூட்டையின் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தாள்.