கோமளா மாமியின் காலண்டர் சீட்டு

ஐம்பத்து மூன்று வயதில், ஓர் உறையைப் பிரிக்கப் பயந்து ஆசிரமத்துக்கு ஓடியவன் நான். கழுத்தில் ஒரு கட்டி. பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. ரிப்போர்ட் தயார் என்று லேபிலிருந்து போன் வந்த அன்றே கோமளா மாமியின் பஸ்ஸில் இடம் கேட்டேன். வீட்டில் பக்தி என்று சொன்னேன். மனைவி சிரித்தாள்.

சென்ற வாரம் தாதரில் ரயில் மாறும்போது மாமியின் பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். "மாமி காலம்பற தவறிட்டா" என்றார். நான் போக வேண்டிய முலுண்ட் வண்டி வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

மாட்டுங்காவில் மாமியை அறிந்தவர்களுக்குப் புதிதாக என்ன சொல்ல? வருஷம் ஒருமுறை நாற்பது பேரைத் திரட்டி, நாசிக் பக்கம் கோதாவரிக் கரை ஆசிரமத்துக்கு அழைத்துப் போவார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் அவருடைய ஆபீஸ். யாருக்கு எந்த சீட், திரும்பும்போது கசாரா ஓட்டலில் யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி, எல்லாம் அதில். நான் ஓடிய அந்த வருஷம் மாமிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் எழுதும் வேலை என் தலையில், எழுதிய தாள்கள் என் சட்டைப்பையில்.

கல்யாண் தாண்டியதும், "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார். சொன்னேன்.

"பிரிக்காம வச்சா உள்ளே இருக்கறது மாறிடுமா? ஊருக்குத் திரும்பினதும் போய் வாங்கறே. சமஜா க்யா, புரிஞ்சுதா?"

ஆசிரமத்தில், குருவின் சமாதிக்கு முன்னால் ஒரு பித்தளைக் குடம். ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரே வேண்டுதல். சாயங்காலம் யாரும் பிரித்துப் பார்க்காமல் ஹோமத்தில் சேர்ப்பார்கள். எனக்காக எழுத எனக்குக் கை வரவில்லை. மாமி தன்னுடையதைச் சொல்ல, எழுதினேன்.

"இவன் பயந்தாங்கொள்ளி. இவனுக்கு ஒண்ணும் இருக்கப்படாது. எழுதிண்டியா?"

"உங்க முழங்கால், மாமி?"

"அதைப் போன வருஷமே சொல்லியாச்சு. அவருக்கு ஞாபகம் இருக்கும்."

மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு குடத்தில் போட்டேன். மூடியது பக்தியால் அல்ல, கண் கலங்கியதை மாமி பார்த்துவிடக் கூடாதென்று.

கசாராவில் காபிப் பட்டியலைக் காணோம். நாற்பது பேருக்கும் சர்க்கரை போட்டே வந்தது. "ஒரு துண்டுக் காகிதத்தைப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்லே. நீயெல்லாம் பத்திரிகைல எழுதறே" என்று எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் லேபுக்குப் போய் உறையை வாங்கிப் பிரித்தேன். கட்டியில் கெடுதல் ஏதும் இல்லை. நேரே மாமியிடம் ஓடிச் சொன்னேன். பிறகு பூக்கடை, காய்கறிக்கடை, கோயில் வாசல் என்று அவர் சொல்லாத இடமில்லை: "என் சீட்டு வேலை செஞ்சுது." அதைக் கேட்டே கூட்டம் சேர்ந்து, அடுத்த வருஷம் இரண்டு பஸ். அதே முழங்காலோடு இரண்டிலும் ஏறி இறங்கித் தலை எண்ணினார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது, பர்ஸில் ஒரு காலண்டர் தாள். அந்தச் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் கிடைத்தது. பின்பக்கம் என் கையெழுத்தில், "இவன் பயந்தாங்கொள்ளி. இவனுக்கு ஒண்ணும் இருக்கப்படாது." கடைசிவரை மாமியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஹோமத்தில் சேர்ந்தது காபிப் பட்டியல்.